டொமான்சி மேட்டில் ஒரு ஸ்டாப்வாட்ச்

ஜூன் 8, 2025, ஞாயிறு. மோன்லூசோன்

லியோனில் முப்பது வருடமாக இருக்கும் மாமாவுக்கு சைக்கிள் பந்தயம் என்றால் ஜூலையில் டிவியில் ஓடும் டூர் த பிரான்ஸ் மட்டும்தான். அதையும் மத்தியானத் தூக்கத்துக்குத் துணையாக வைத்துக்கொள்வார். அவரை எட்டு நாள் கார் ஓட்ட வைத்திருக்கிறேன். "ஜூலையில பார்க்கிறதை எதுக்கு மாப்ளே ஜூன்லயே பார்க்கணும்?" என்று காலையில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணமே என்று சொல்லலாம்.

கிரித்தேரியம் து தோஃபினே 1947-ல் ஒரு பத்திரிகை தொடங்கிய பந்தயம். எட்டு நாள், எட்டுக் கட்டங்கள். பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலையில்தான் முடிவாகும். ஜூலை 5-ல் லீல் நகரில் டூர் தொடங்குகிறது. நடுவில் மூன்றே வாரம். அதனால் இதை ஒத்திகை என்பார்கள். 2012-ல் விக்கின்ஸ், 2013, 2015, 2016-ல் ஃபுரூம், 2018-ல் தாமஸ், 2023-ல் விங்கேகோ ஆகியோர் இதை வென்றுவிட்டு அதே ஆண்டு டூரையும் வென்றார்கள். அதற்காக இங்கே ஜெயித்தவன் அங்கே ஜெயிப்பான் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ரோக்லிச் 2022-லும் 2024-லும் இதை வென்றார். இரண்டு முறையும் டூரில் கீழே விழுந்து பாதியில் வீட்டுக்குப் போனார்.

இந்த முறை கூட்டத்துக்குக் காரணம் மூன்று பேர். பொகச்சார் ஏப்ரல் 27-ல் லியேஜ் பந்தயத்தை வென்றதற்குப் பிறகு எங்கும் ஓட்டவில்லை. விங்கேகோ மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டவர். அதற்குப் பிறகு அவருக்கு இதுதான் முதல் பந்தயம். எவனபூல் டிசம்பரில் பயிற்சியின்போது ஒரு தபால் வண்டியின் கதவில் மோதி விலா, தோள்பட்டை, கை எல்லாம் உடைத்துக்கொண்டு ஏப்ரலில்தான் திரும்பினார். ஆக, மூன்று பேரின் மலையேற்ற நிலையும் யாருக்கும் தெரியாது. அதைச் சாலையோரத்தில் நின்று கண்ணால் எடைபோட முடியுமா என்று பார்க்கவே வந்திருக்கிறேன். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, மாமா.

இன்று ஸ்பிரிண்டர்களின், அதாவது கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து வெல்பவர்களின் நாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கடைசியில் இருந்த ஒரு சின்ன மேட்டில் விங்கேகோ திடீரென்று பாய்ந்தார். பொகச்சார், எவனபூல், வான் டெர் பூல், புயித்ராகோ ஒட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்த மற்ற வீரர்களின் கூட்டம் அவர்களைக் கிட்டத்தட்டப் பிடித்தேவிட்டது, ஆனாலும் பொகச்சார் வென்றார், விங்கேகோ இரண்டாவது.

இதிலிருந்து மலையேற்றம் பற்றி என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. ஒரு நிமிடச் சொச்சம் உயிரைக் கொடுத்து மிதிப்பது ஒரு திறமை, நாற்பது நிமிடம் மிதிப்பது வேறு திறமை. வான் டெர் பூல் அந்தக் குழுவில் இருந்ததே அதற்குச் சாட்சி. பெரிய மலையில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன். மாதக்கணக்கில் பந்தயம் ஓட்டாத விங்கேகோ முதல் நாளே தானாகப் பாய்கிறார். உடம்பில் நம்பிக்கை இல்லாதவர் இப்படிச் செய்ய மாட்டார்.

ஜூன் 9, திங்கள்

இசுவார் நகரில் மிலான் ஸ்பிரிண்டில் வென்றார். நாங்கள் போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய். ஷரன்தொனே

இன்று 200 கிலோமீட்டருக்கும் மேல். காலையிலேயே பிரிந்து போன ஒரு குழு கடைசிவரை பிடிபடவில்லை. இவான் ரொமேயோ தனியாக வந்து வென்று, மொத்த நேரக் கணக்கில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியும் வாங்கிக்கொண்டார். பெரிய மூன்று பேரும் ஒரு நிமிடத்துக்குமேல் பின்தங்கிச் சாவகாசமாக வந்து சேர்ந்தார்கள்.

அந்த முன்குழுவில் ஃப்ளோரியான் லிபோவிட்ஸ் என்ற ஜெர்மானியரும் இருந்தார். வயது 24. முன்பு பயத்லான் வீரர்; அதாவது பனிச்சறுக்கில் ஓடி, நடுவில் நின்று துப்பாக்கி சுடும் விளையாட்டு. "அப்போ மூச்சை அடக்கத் தெரிஞ்சவன்" என்றார் மாமா. சிரித்துவிட்டு, நோட்டில் அவர் பெயரை எழுதாமலே விட்டேன். இலவசமாக ஒரு நிமிடம் கிடைத்த பையன், அவ்வளவுதான் என்று அப்போது தோன்றியது.

ஜூன் 11, புதன். சான் பெரே

டைம் டிரயல். 17.4 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே. எவனபூல் வென்றார். விங்கேகோ 20 விநாடி பின்னால். பொகச்சார் முக்கால் நிமிடத்துக்கும் மேல் இழந்தார். மஞ்சள் ஜெர்சி எவனபூலிடம்.

மாலையில் எல்லோர் பேச்சும் ஒன்றுதான்: பொகச்சாருக்கு என்ன ஆச்சு? எனக்கும் கொஞ்சம் பதற்றம்தான், ஒளிப்பானேன். ஆனால் சமதளத்தில் காற்றைக் கிழிப்பதும் மலையில் ஏறுவதும் ஒரே கணக்கு அல்ல. சமதளத்தில் எத்தனை வாட், முன்பக்கம் எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பவைதான் விஷயம். மலையில் அந்த வாட்டை உடல் எடையால் வகுக்க வேண்டும். எவனபூல் குள்ளம், சைக்கிள்மேல் அப்படியே மடங்கிப் படுத்துவிடுவார். காற்றுக்கு அவர் இருப்பதே தெரியாது. டைம் டிரயலில் அவர் வாங்கிய ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன் பட்டம் எல்லாம் அந்த மடங்கலில்தான் வந்தன. மலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது அந்த மடங்கலால் பெரிய லாபம் கிடையாது.

இப்படியெல்லாம் மாமாவுக்கு விளக்கிவிட்டு, ராத்திரி நோட்டில் நான் எழுதியது: "எவனபூல் மிக நல்ல நிலையில் இருக்கிறார்." தெரிந்தது ஒன்று, எழுதியது ஒன்று. வெற்றி பெற்றவனைப் பார்த்த கண்ணுக்கு அவன் எல்லாவற்றிலும் பலசாலியாகத்தான் தெரிகிறான்.

ஜூன் 12, வியாழன்

மாகோனில் ஜேக் ஸ்டூவர்ட் ஸ்பிரிண்டில் வென்றார். இன்று எவனபூல் கீழே விழுந்தார். எழுந்து ஓட்டினார், ஜெர்சி பறிபோகவில்லை. ஆனால் நாளைக்கு அவர் மலையில் தவித்தால், அது நிலையின் குறையா, விழுந்த வலியா என்று எப்படிப் பிரிப்பது? ஒரு வாரப் பந்தயத்தை வைத்து எடைபோடுவதில் இருக்கும் தொல்லை இது. மூன்று வாரம் என்றால் இப்படிப்பட்டவை ஓரளவு சமனாகிவிடும். இங்கே ஒரு கெட்ட நாள் என்பதே எட்டில் ஒரு பங்கு.

நாங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு நாளைய இடத்தைப் பார்க்கப் போனோம். டொமான்சி மேடு 2.5 கிலோமீட்டர், சராசரி 9.4 சதவீதம். அதாவது நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டருக்கு மேல் உயர்வோம். 1980 உலக சாம்பியன்ஷிப் இந்த மேட்டில்தான் நடந்தது, இருபது சுற்று. பெர்னார் இனோ வென்றார். ஓட்டி முடித்தவர்கள் மொத்தம் பதினைந்தே பேர். 2023 டூரில் பொகச்சாரைவிட 1 நிமிடம் 38 விநாடி வேகமாக விங்கேகோ ஓட்டிய டைம் டிரயலும் இதே சாலையில்தான். மாமா அடிவாரத்திலிருந்து நடந்து ஏறினார். பாதியில் நின்று, "இதை வண்டியில மிதிச்சா ஏறுறானுங்க?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி. டொமான்சி

முதலில் என் மகத்தான திட்டத்தைச் சொல்கிறேன்.

மலையேற்றத்தை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறான் என்பதை இத்தாலியில் வாம் என்பார்கள். அந்த எண்ணை, 200-உடன் மேட்டின் சதவீதத்தைப் பத்து மடங்காக்கிக் கூட்டிய தொகையால் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்று உத்தேசமாகக் கிடைக்கும். கணக்கைக் கொடுத்தவர் மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவர். ஊக்கமருந்து வழக்கில் வாழ்நாள் தடை வாங்கியவர். கணக்குக்கும் கணக்கெழுதியவன் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

டொமான்சியின் உயரம் 235 மீட்டர். ஒருவர் ஏழு நிமிடத்தில் ஏறினால் வாம் 2014. 294-ஆல் வகுத்தால் 6.85 வாட். ஆகவே மாமா அடிவாரத்தில் நின்று முதல் ஆள் வந்ததும் போனில் "இப்போ" என்பார். மேலே நிற்கும் நான் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். கச்சிதம்.

நடந்தது இது. சாலையை மூடியபின் அந்த மேட்டில் ஏகப்பட்ட கூட்டம். எல்லோர் கையிலும் போன், எல்லாம் வீடியோவில். ஹெலிகாப்டர் சத்தம் பள்ளத்தாக்கில் கேட்ட நேரத்தில் நெட்வொர்க் படுத்துவிட்டது. மாமா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒன்றுகூட எனக்கு வரவில்லை. வந்த ஒரே குறுஞ்செய்தி "வந்துட்டாங்க", அதுவும் எல்லோரும் என்னைக் கடந்து போய்ப் பத்து நிமிடம் கழித்து.

யோசித்தால், வேலை செய்திருந்தாலும் பெரிய பிரயோசனம் இருந்திருக்காது. ஏழு நிமிட ஏற்றத்தில் பத்து விநாடி தவறினால் 6.85 என்பது 7.02 ஆகிவிடும். ஒன்று நல்ல ஓட்டம், மற்றொன்று செய்தியாகிற ஓட்டம். காற்று எந்தப் பக்கம், எத்தனை பேரின் பின்சக்கரத்தில் ஒளிந்து வந்தான், அவன் உண்மையான எடை என்ன, இவை வேறு. இணையத்தில் பந்தயம் முடிந்த அரை மணியில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை வாட் போடுகிறவர்களைப் பார்த்தால் இன்று எனக்குச் சிரிப்பு வருகிறது. நேற்றுவரை நானும் அந்தக் கட்சிதான்.

சரி, கடிகாரம் போனால் போகட்டும், கண் இருக்கிறதே. மேட்டின் மிகச் செங்குத்தான இடத்தில் நிற்கக் கூடாது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். அங்கே எல்லோர் முகமும் ஒரே மாதிரிக் கோணலாகத்தான் இருக்கும். செங்குத்து முடிந்து சாலை கொஞ்சம் தளரும் இடம் ஒன்று உண்டு. நான் நின்றது அங்கே. சக்தி மிச்சம் இருப்பவன் அந்த இடம் வந்ததும் கியரை மாற்றுவான். சங்கிலி பின்பல்லில் இறங்கும் 'டக்' சத்தம் கேட்கும், சைக்கிள் ஒரு முழம் முன்னால் தாவும். தீர்ந்துபோனவன் மாற்ற மாட்டான். மேடு குறைந்தது அவன் காலுக்கு ஓய்வு, அவ்வளவுதான். அதே கியரில் காலைச் சுற்றிக்கொண்டு போவான்.

முன்னால் போன சிலரிடம் அந்த 'டக்' கேட்டது. பின்னால் வந்தவர்களில் பலரிடம் கேட்கவில்லை. ஒருவரைச் சொல்ல வேண்டும். அணித் தலைவனுக்காகக் கீழே முன்னால் போய்க் காற்றை மறைத்து இழுத்துவிட்டு, வேலை முடிந்து தனியாக வந்தவர். ஜெர்சி ஜிப் வயிறுவரை திறந்திருந்தது. கறுப்புக் கால்சட்டையில் இரண்டு தொடையிலும் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது, கோலப்பொடி கொட்டின மாதிரி. என்னிடமிருந்து இரண்டடி தூரம். பாட்டிலை எடுத்து வாயில் வைக்காமல் பிடரியில் கவிழ்த்தார், காலிப் பாட்டிலைப் புல்லில் போட்டார். ஒரு சிறுவன் அதை எடுக்க ஓடியபோது அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்! அவ்வளவு களைப்பிலும். அவர் அன்று கடைசிப் பத்துப் பேரில் முடித்திருப்பார். ஆனால் அவர் அணி எந்த இடம்வரை எத்தனை பேரோடு வந்தது என்பதுதான் தலைவனின் நிலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய விஷயம். தனியாக விடப்பட்ட தலைவனின் கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜூலையில் மாட்டிக்கொள்வான்.

முடிவைக் கொம்ப்லூவில் ஒரு கடை டிவியில் பார்த்தோம். பொகச்சார் டொமான்சியில் தாக்கித் தனியாக வந்து முடித்தார். விங்கேகோ 1 நிமிடம் 1 விநாடி பின்னால். மூன்றாவது லிபோவிட்ஸ், 1:22. மஞ்சள் ஜெர்சியோடு வந்த எவனபூல் 1:50. புதன்கிழமைப் பதற்றம் எல்லாம் காற்றில் போயிற்று.

"அந்த ஜெர்மன்காரன் மூணாவதா?" என்றார் மாமா.

"அவனை யாரும் கவனிக்கல மாமா, அதான் போயிட்டான்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். டொமான்சியில் யாரும் யாருக்கும் சும்மா இடம் விடுவதில்லை.

ஜூன் 14, சனி. வால்மெனியே

எட்டு நாளில் நான் உண்மையில் காத்திருந்த நாள். மொத்தம் 131.6 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றங்கள் மூன்று: மாட்லென் 24.6 கிலோமீட்டர், க்ருவா த ஃபேர் 22.4 கிலோமீட்டர், கடைசியில் வால்மெனியே 16.5 கிலோமீட்டர், சராசரி 6.7 சதவீதம். சமதளம் என்று ஒன்று கிடையாது. ஏறு, இறங்கு, ஏறு.

இப்படி ஒரு நாள் ஏன் வேண்டும்? புத்துணர்ச்சியான காலோடு ஒருவன் இருபது நிமிடத்துக்கு எத்தனை வாட் கொடுப்பான் என்பதை அவன் பயிற்சியாளர் வீட்டிலேயே அளந்துவிடலாம். பந்தயத்துக்கு வர வேண்டியதே இல்லை. இரண்டு பெரிய மலையை ஏறி இறங்கி, உடம்பில் சர்க்கரை வற்றி, மூன்றாவது மலையின் அடிவாரத்துக்கு வரும்போது அந்த எண்ணில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் சமமாக இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மலை அளவு வித்தியாசம் இருக்கும். டூர் அங்கேதான் முடிவாகிறது.

சாலை மூடுவதற்குள் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். மாமா இப்போது பழகிவிட்டார். கையில் குடை, தோளில் பை. இன்றைக்குப் போன் வேண்டாம் என்று முடிவு. ஒரே இடத்தில் நின்று முதல் ஆள் கடந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொருவரும் கடக்கும்போது எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது. இடைவெளிக்கு இரண்டு ஆள் வேண்டாம், ஒரே கடிகாரம் போதும். தவிர, நீண்ட ஏற்றத்தில் தவறும் சிறுத்துவிடுகிறது. 1105 மீட்டர் உயரத்தை ஒருவர் 45 நிமிடத்தில் ஏறினால் 5.52 வாட், பத்து விநாடி பிசகினால் 5.54. பரவாயில்லை, தாங்கும்.

பொகச்சார் தனியாக வந்தார். கொஞ்ச நேரத்தில் விங்கேகோ, அவரும் தனியாக. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரம்தான். நான் எதிர்பார்த்தது அது அல்ல. நேற்று இரண்டரைக் கிலோமீட்டர் மேட்டில் தொடங்கி ஒரு நிமிடம் விட்டவர், இன்று இவ்வளவு பெரிய மலையில் விடாமல் தொங்குகிறார். முடிவில் 14 விநாடிதான் வித்தியாசம்.

எழுதி வைத்த இடைவெளிகள் எனக்கே இப்போதுதான் பேச ஆரம்பித்தன. லிபோவிட்ஸ் நேற்று 1:22, இன்று 1:21. எவனபூல் நேற்று 1:50, இன்று 2:39. இதை அப்படியே படித்தால் லிபோவிட்ஸ் மாறவில்லை, எவனபூல் தேய்கிறார், விங்கேகோ ஒரே நாளில் முக்கால் நிமிடம் முன்னேறிவிட்டார் என்று வரும். அது சரியாக இருக்காது. ஒரு நாளில் யாருக்கும் நிலை அவ்வளவு மாறாது.

இடைவெளி என்பது இரண்டு பேர் சேர்ந்து உண்டாக்கும் எண். முன்னால் போகிறவன் எவ்வளவு மனம் வைத்து மிதித்தான் என்பதும் அதில் உண்டு. நேற்று பொகச்சாருக்கு மஞ்சள் ஜெர்சி வேண்டியிருந்தது, முழுசாக மிதித்தார். இன்று ஜெர்சி உடம்பில் இருக்கிறது, நாளை இன்னொரு மலை இருக்கிறது, மூன்று வாரத்தில் டூர் இருக்கிறது. முன்னால் இருந்தால் போதும் என்று அளந்து மிதித்திருக்கலாம். அதனால் இன்றைய 14 விநாடியை விங்கேகோவின் மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. பொகச்சாரை அளவுகோலாக வைப்பதுதான் தப்பு. அளவுகோல் தானே நீளும், சுருங்கும் என்றால் எதை அளப்பது?

அப்புறம் மாமாவின் குடை நிழலில் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். விங்கேகோவை அளவுகோலாக வைத்தால்? அவர் இரண்டு நாளும் பிடிக்கப் பார்த்துத் தோற்றவர். மிச்சம் வைக்க அவருக்குக் காரணம் இல்லை. அவரோடு ஒப்பிட்டால் லிபோவிட்ஸ் நேற்று 21 விநாடி பின்னால், இன்று 1:07. எவனபூல் நேற்று 49 விநாடி, இன்று 2:25. ஏற்றம் நீளமானதால் இருவருக்குமே இடைவெளி பெரிதாகிறது, ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான், மூன்று மடங்கு. ஆக, நேற்று எவனபூல் விட்டது வியாழக்கிழமை விழுந்த காயத்தால் மட்டும் என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் வலி என்றால் இரண்டு நாளும் இப்படி ஒழுங்காக ஒரே கோட்டில் வராது. குளிர்காலம் முழுவதும் பயிற்சி இல்லாமல் போனதன் கணக்கு இது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அடித்தளத்தை மூன்று வாரத்தில் கட்ட முடியாது.

லிபோவிட்ஸ் என்னைக் கடந்தது நன்றாக நினைவிருக்கிறது. இந்த முறை பெயரை எழுதத் தயாராக இருந்தேன் என்பதால் கவனித்தேன். பார்க்க அழகான ஓட்டம் இல்லை, முன்னால் போனவர்களைத் துரத்துகிற பதற்றமும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு வேகம், அதைவிட்டு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். துரத்திப் போய் வெடித்து ஐந்து நிமிடம் இழப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோமே.

ஒரு மணி நேரம் கழித்து முடித்தவர்கள் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். மலையுச்சியில் முடியும் நாளில் அணிப் பேருந்து கீழேதான் நிற்கும். வீரர்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஜனக்கூட்டத்தை விலக்க வாயில் விசிலோடு இறங்குவார்கள். ஒரு பக்கம் இவர்கள் விசிலடித்தபடி இறங்க, மறுபக்கம் கடைசிக் குழு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. "ஒருத்தன் வீட்டுக்குப் போறான், ஒருத்தன் இன்னும் ஆபீஸுக்கே வரல" என்றார் மாமா. விசிலடித்து இறங்கியவர்களில் ஒருவர் இருமிக்கொண்டே போனார். உயரத்தில் காய்ந்த காற்றை முழு நுரையீரலில் ஒரு மணி நேரம் இழுத்தால் வரும் இருமல். அதை வைத்து எதுவும் கணிக்க வேண்டாம், எல்லோருக்கும் வருவதுதான்.

ஜூன் 15, ஞாயிறு. மோன் செனி

கடைசி நாள். மலை 9.6 கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம், மேலே அணைக்கட்டு ஏரி. முன்னால் பிரிந்து போன லென்னி மார்டினெஸ் பிடிபடாமல் வென்றார். பிரெஞ்சுக்காரர் என்பதால் பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். ரோமான் பார்தே இன்றோடு சாலைப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். அவர் பெயரைச் சுண்ணாம்பில் சாலை முழுக்க எழுதியிருந்தார்கள்.

விங்கேகோவும் பொகச்சாரும் சேர்ந்து, மார்டினெஸுக்கு 34 விநாடி பின்னால். பொகச்சார் விங்கேகோவின் பின்சக்கரத்தை விடவில்லை, முந்தவும் முயலவில்லை. நேற்று நான் எழுதியது ஓரளவு சரிதான் போல. லிபோவிட்ஸ் அவர்களிடம் இன்று இழந்தது சில விநாடிகள்தான். மொத்தக் கணக்கு: பொகச்சார், 59 விநாடி பின்னால் விங்கேகோ, 2:38-ல் லிபோவிட்ஸ், 4:21-ல் எவனபூல்.

இறங்கும்போது கார்கள் நத்தையாக ஊர்ந்தன. நேரம் போகட்டும் என்று மாமா ஒரு பந்தயம் கட்டினார்: டூரில் முதல் மூன்று பேர் யார், ஆளுக்கு ஒரு காகிதத்தில் எழுதி கார் டாஷ்போர்டு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது, ஜூலை 27-ல் பாரிஸில் முடிந்ததும் பிரிப்பது. தோற்றவர் அடுத்த ஜூனில் கார் ஓட்ட வேண்டும்.

மாமா யோசிக்கவே இல்லை. மூன்றாவது இடத்தில் லிபோவிட்ஸ். "மூச்சை அடக்கத் தெரிஞ்சவன், நான்தான் முதல்லயே சொன்னேனே."

நான் நோட்டைப் புரட்டினேன். 1:22, 1:21. 49 விநாடி, 2:25. அடித்தளத்தை மூன்று வாரத்தில் கட்ட முடியாது என்று என் கையெழுத்திலேயே நேற்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு வாரம் வேறு, மூன்று வாரம் வேறு; அந்தப் பையன் டூரே இதுவரை ஓட்டியதில்லை. புதன்கிழமை சான் பெரேயில் எவனபூல் ஓடின அழகைப் பார்த்தோமே.

மூன்றாவது இடத்தில் எவனபூல் என்று எழுதி, மடித்து, உள்ளே போட்டேன்.